கண்ட ஒளியும் கொண்ட பொருளும்



2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் காலை, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குப் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587ஆம் விமானம், சில நிமிடங்களிலேயே குயின்ஸ் பகுதிக் குடியிருப்பின்மீது வீழ்ந்தது. விமானத்திலிருந்த 260 பேரும் தரையிலிருந்த 5 பேரும் மாண்டனர். இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்து இரு திங்களே ஆகியிருந்தன. வெடிகுண்டோ என்று மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை.

விசாரணையாளர் 349 பேரின் வாக்குமூலங்களைத் தொகுத்தனர். 52 விழுக்காட்டினர் விமானம் வானிலேயே தீப்பற்றியதைக் கண்டதாகக் கூறினர். வலப்புறம் திரும்பியது என்றோர் 18 விழுக்காடு. இடப்புறம் என்றோரும் அதே 18 விழுக்காடு! குண்டு வெடித்ததற்கோ சான்றில்லை. முன்சென்ற விமானத்தின் காற்றுச்சுழலில் சிக்கியபோது, துணை விமானி சுக்கான் மிதிகளை அளவு மீறி மாறி மாறி மிதித்தார். அவ்விசை தாங்காமல் செங்குத்து வால் முறிந்தது என்பதே முடிவு. சுக்கானின் அமைப்பும், விமானிகளுக்குத் தரப்பட்ட பயிற்சியும் குறைகூறப்பட்டன. தீ என்று கண்டோர் சொன்னதற்கு, எஞ்சினிலிருந்து எழுந்த சுவாலையும் சிந்திய எரிபொருளும் காரணமாகக் கூறப்பட்டன. இவற்றோடு காலைக் கதிரவனையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பது எம் கருத்து.

எவர்சில்வர்த் தட்டை வெயிலில் சாய்த்தால் சுவரில் ஒளி துள்ளுவதை நாம் அறிவோம். தட்டு 1 பாகை திரும்பினால் ஒளி 2 பாகை விலகும். கதிரவனின் வட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகை அளவே. எனவே சமதளக் கண்ணாடி எறியும் ஒளி 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்திலேயே விழும். ஒரு வீட்டு வாசலில் நிற்பவர் கண்ணைப் பறிக்கும் பிழம்பைக் காண்பார். அடுத்த வீட்டார் ஒன்றும் காணார். இருவரும் பொய்யரல்லர். வளைந்த உலோகத்தில் ஒளி பரந்து மங்கும். புரண்டு விழும் துண்டோ விட்டுவிட்டு மின்னும். கதிரவன் அடிவானில் இருக்கையில் அவ்வொளி நெருப்பின் நிறமே கொள்ளும்.

இதன் வலிமையை ஐயுறுவோர் 1997 முதல் ஏவப்பட்ட இரிடியம் செயற்கைக்கோள்களை நினைக்கலாம். ஏறக்குறைய 780 கிலோமீட்டர் உயரத்தில், கதவளவேயான அலைவாங்கித் தகடு வெயிலை நம்மேல் திருப்பியபோது, சில நொடிகள் வெள்ளிக்கோளை விஞ்சி ஒளிர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று வானில் இல்லை.

சாட்சிகள் முரண்பட்டனர் என்னும் ஒரு சொல்லால் வழக்குகள் தள்ளப்படுவதை நம் மக்கள் நன்கறிவர். ஆகவே, சட்டம் பயிலும் நம் இளைஞர் இதனைக் கருதவேண்டும். 'தீயைக் கண்டாயா?' என்பது நல்ல கேள்வியன்று. எங்கு நின்றாய், எத்திசை நோக்கினாய், கதிரவன் எப்பக்கம் இருந்தான், ஒளி எத்தனை நொடி நின்றது, புகை தொடர்ந்ததா என்று கேட்கவேண்டும். கண்டது ஒளி, தீ என்பது மனம் சேர்த்த பொருள்.

அதே 349 பேரில் 60 விழுக்காட்டை நெருங்கியோர், விமானத்திலிருந்து ஏதோ பிரிந்து விழுந்தது என்றனர். இறக்கை என்றோரும் அவர்களுள் உண்டு. பிரிந்தது வால்; அது ஜமைக்கா விரிகுடா நீரிலிருந்து எடுக்கப்பட்டது.