வேலியும் குறிப்பேடும்

(கல்வி வளாகத்துக் காடுகள் குறித்த கருத்தரங்கின் தொடக்க விழாவில் ஆற்றிய தலைமை உரை)

 

இரண்டு நாள் அமர்வுகளில் நம் வளாகங்களைப் பற்றி நிறையப் பேசப் போகிறோம். அதற்கு முன், தொலைவில் இருக்கும் ஓர் இடத்தின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஜாஸ்பர் ரிட்ஜ் என்னும் உயிரியல் காப்பிடம் அது. சான்டா குரூஸ் மலையடிவாரத்தில் ஏறத்தாழ 1,200 ஏக்கர் பரப்பு. ஓலோனி பழங்குடியினரின் மூதாதையர் வாழ்ந்த மண். புல்வெளி, ஓக் மரக்காடு, குறுங்காடு, ஓடை, சதுப்பு எல்லாம் அந்தச் சிறு பரப்புக்குள் அடங்கியிருக்கின்றன. நெடுங்காலமாக ஆய்வாளர்கள் நடமாடிய இந்த நிலத்தை 1973இல் பல்கலைக்கழகம் முறைப்படி காப்பிடமாக அறிவித்தது. ஆராய்ச்சி, கல்வி, பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதன் கடமைகள்.

முதலாவது, ஆராய்ச்சி. அது ஏன் வேண்டும் என்பதை ஒரு வண்ணத்துப்பூச்சி நமக்குக் கற்றுத் தருகிறது.

1960இல் பால் எர்லிக் என்ற இளம் உயிரியலாளர் அங்கே பே செக்கர்ஸ்பாட் என்னும் வண்ணத்துப்பூச்சியை ஆராயத் தொடங்கினார். பூச்சியைப் பிடித்து, இறக்கையில் மையால் அடையாளமிட்டு விடுவிப்பார்கள். பிறகு மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். ஒரே கூட்டம் என்று நினைத்திருந்தது உண்மையில் மூன்று தனித்தனிக் கூட்டங்கள் என்று தெரிந்தது. நடுவே வேலி இல்லை, சுவர் இல்லை. ஆனாலும் ஒரு கூட்டத்துப் பூச்சி பக்கத்துக் கூட்டத்துக்கு மிக அரிதாகவே போனது. ஓர் உயிரினத்தின் தொகை என்பது ஒரே எண் அன்று, தனித்தனியே பெருகியும் சுருங்கியும் வரும் பல குழுக்களின் கணக்கு என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்கள். 1964இல் ஒரு கூட்டம் அற்றுப்போனது. 1966இல் அதே இடத்தில் பூச்சிகள் மீண்டும் குடியேறின. 1974இல் மறுபடி மறைந்தன. 1990களின் தொடக்கத்தில் இரண்டாவது கூட்டம் போயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்றாவதும் போயிற்று.

அன்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த நிலத்தில் வீடு கட்டவில்லை, சாலை போடவில்லை. வாயிலில் காவல் இருந்தது. அமெரிக்க அரசு 1987இல் அந்தப் பூச்சிக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்திருந்தது. இத்தனை இருந்தும் அங்கே அது அழிந்தது.

காரணமும் அதே கணக்கேட்டில்தான் கிடைத்தது. இந்தப் பூச்சியின் புழு முக்கியமாக உண்பது, நாம் அறிந்த இசப்கோலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியை. கோடை வெயிலில் அந்தச் செடி காய்வதற்குள் புழு ஓரளவு வளர்ந்து உறங்குநிலைக்குப் போய்விட வேண்டும். சில வாரங்கள் தவறினால் பட்டினிதான். 1971க்குப் பிறகு அப்பகுதியில் மழையின் ஏற்றத்தாழ்வு கூடியது; ஓர் ஆண்டு கொட்டியது, ஓர் ஆண்டு பொய்த்தது. செடியின் காலமும் புழுவின் காலமும் பிசகின. பல பத்தாண்டுக் கணக்கை மழைப் பதிவோடு பொருத்திப் பார்த்து, இந்த மாற்றம் அழிவை விரைவுபடுத்தியது என்று 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வேலியால் அந்தப் பூச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அது ஏன் போயிற்று என்பதைக் குறிப்பேடு சொன்னது. எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தால், அது இருந்ததும் தெரிந்திராது, போனதும் தெரிந்திராது. நம் ஏரிக்கரைகளிலும் குன்றுகளிலும் எத்தனை உயிர்கள் அப்படிச் சொல்லாமல் போயினவோ என்ற கவலை என்னை விட்டு நீங்குவதில்லை.

அடுத்து, கல்வி. அர்ஜென்டினா எறும்பு என்று ஓர் இனம். தென் அமெரிக்காவிலிருந்து பரவி, போகுமிடமெல்லாம் உள்ளூர் எறும்புகளை விரட்டுவது. ஜாஸ்பர் ரிட்ஜில் அது எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பதை எறும்பு ஆய்வாளர் டெபோரா கார்டனும் அவருடைய மாணவர்களும் 1993 முதல் கணக்கிட்டு வந்தார்கள். ஆண்டுக்கு இருமுறை, அதே இடங்களில், அதே முறையில். ஆரம்பத்தில் பரவிய அந்த எறும்பு ஒரு கட்டத்துக்குமேல் முன்னேறாமல் நின்றது தெரியவந்தது. அதைத் தடுப்பவற்றுள் ஒன்று குளிர்கால எறும்பு என்னும் உள்ளூர் இனம். நெருக்கடி வரும்போது வயிற்று நுனியிலிருந்து ஒரு துளி நஞ்சை வெளிவிட்டு எதிரியைக் கொல்கிறது. 2011இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, இளநிலை மாணவர்களின் பாட வகுப்பில் முளைத்தது என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் ஏற்கெனவே விடை எழுதப்பட்ட சோதனையைத் திரும்பச் செய்யும் மாணவருக்கும், விடை தெரியாத கேள்வியோடு புல்தரையில் மண்டியிடும் மாணவருக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

ஊராரையும் காப்பிடத்தார் மறக்கவில்லை. மாணவர்களும் சுற்றுவட்டார மக்களும் ஒன்றாக அமர்ந்து மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, வருவோரை அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டிகளாகிறார்கள். காப்பிடத்துக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. இது எளிதான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. காப்பிடத்துக்குள்ளேயே 1892இல் கட்டிய சியர்ஸ்வில் அணை இருக்கிறது. அதன் நீர்த்தேக்கம் கொள்ளளவில் 90 விழுக்காட்டுக்குமேல் வண்டலால் தூர்ந்துவிட்டது. ஸ்டீல்ஹெட் என்னும் மீன் கடலிலிருந்து ஏறிவந்து ஓடையின் மேற்பகுதியில் முட்டையிட இந்த அணை தடை. அதே சமயம், தூர்ந்த வண்டலில் உருவான சதுப்பு பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் புகலிடம். மீனைக் காப்பதா, சதுப்பைக் காப்பதா? அடைந்த வண்டலைத் திறந்துவிட்டால் கீழே இருக்கும் ஊர்களுக்கு வெள்ள ஆபத்து வருமா? பல ஆண்டு ஆய்வுக்கும் வாதத்துக்கும் பிறகு, அணையின் அடியில் திறப்பு அமைத்து ஓடையை ஓடவிடும் வழியை 2015இல் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. தன் நிலத்தில் முன்பு செய்யப்பட்டதைத் தானே ஆராய்ந்து திருத்த முன்வருவதும் பல்கலைக்கழகத்தின் கடமைதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்த மரபு நமக்கு அந்நியமானதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியரான எட்வர்டு பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டின் செடிகொடிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். கிண்டிக் காட்டில் பிறந்த சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வெளிமான்கள் இன்றும் நடமாடுகின்றன. விதை நம்மிடம் இருக்கிறது.

ஆனால் வேறொன்றையும் கண்டிருக்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு வளாகத்தில், மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று ஒரே நாளில் ஜேசிபி வைத்துப் புதர்களை வழித்தெடுத்தார்கள். காரையும் களாவும் சூரையும் போயின. எட்டு ஆண்டுகளாக நானும் மாணவர்களும் பூக்கும் நாளைக் குறித்து வந்த செடிகள் அவை. 'இடம் இப்போது சுத்தமாக இருக்கிறது' என்று பாராட்டும் கிடைத்தது. அன்று மாலை அந்தக் குறிப்பேட்டை மூடி வைத்தபோது பட்ட வேதனை இன்றும் ஆறவில்லை. நமது நிலத்துக்குப் புதர் என்பது குப்பை அன்று. அதுதான் இந்த வறண்ட கடற்கரைச் சமவெளியின் காடு.

ஆகவே, இந்தக் கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு வளாகமும், ஐந்து ஏக்கரே ஆனாலும், ஒரு பகுதியைக் காப்பிடமாக ஆட்சிமன்றத் தீர்மானத்தால் அறிவிக்கட்டும். ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிட வேண்டாம். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, அதே இடத்தில் அதே முறையில் கணக்கெடுப்போம். அதை இளநிலைப் பாடத்தின் பகுதியாக்குவோம். மூன்றாவது, குறிப்பேடுகளைத் துறையின் சொத்தாக்குவோம். பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் முப்பது ஆண்டுப் பதிவும் அவருடனே வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறுவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

அமைப்பாளர்களிடம் ஓர் அனுமதி கேட்கிறேன். இந்த அரங்கின் பின்புறம் ஒரு சிறு புதர்க்காடு இருக்கிறது. நாளை காலை ஆறரை மணிக்கு அங்கே கூடுவோம். ஒரு மணி நேரத்தில் கண்ணில் படும் செடி, பூச்சி, பறவை அனைத்தையும் தேதியிட்டு எழுதி, பட்டியலைத் தாவரவியல் துறையிடம் ஒப்படைப்போம். அடுத்த ஆண்டு அதே நாளில் எழுதப்போகும் பட்டியலுக்கு அது முதல் துணையாக இருக்கும்.