காணாத காயமும் நட்டஈடும்



தொழிற்றலத்தில் ஒருவனுடைய கை நசுங்கினால் அதற்கு ஈடு கேட்கச் சட்டம் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அது. எந்த உறுப்புப் போனால் உழைக்கும் வலு நூற்றுக்கு எத்தனை வீதம் குறையும் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது; வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியந்தான். ஆனால் அன்று அட்டவணை வரைந்தவர்கள் உடம்பைத்தான் எண்ணினார்கள். மனம் நசுங்கியவனுக்கு எத்தனை வீதம்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்ததைக் கல்குடா மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பிரேதங்களைத் தூக்கியவர்களுள் பலருக்கு அது கடமை: ஆசுப்பத்திரிச் சிற்றூழியர், தாதிமார், அம்புலன்ஸ் சாரதிகள். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் இத்தகையோரே முன்னுக்கு நின்றார்கள். இப்படிப்பட்ட வேலை செய்தவன் பின்பு இரவில் உறங்காமல் இருக்கிறான். கதவு அடித்தால் துடிக்கிறான். வேலைத்தலத்தின் வாசலை மிதிக்கக் கால் வருகுதில்லை. நாம் அவனைச் சோம்பேறி என்கிறோம், குடிகாரன் என்கிறோம். அவன் குடிக்கத் தொடங்கியது எப்போது என்று கேட்பாரில்லை.

முதலாம் உலக யுத்தத்தில் இதை எறிகணை அதிர்ச்சி என்றார்கள். கோழை என்று சுடப்பட்டவர்களுள்ளும் அந்நோயாளர் இருந்தனர். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இதற்கு இன்றைய பெயரை வைத்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010இல் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இதனைச் சேர்த்தது. நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ஒன்றாரியோ மாகாணம் 2016இல் ஒரு படி மேலே போயிற்று. தீயணைப்போர், பொலிசார், அம்புலன்ஸ் ஊழியர் போன்றோருக்கு இந்நோய் வந்ததாக மனநல வைத்தியரோ உளவியலாளரோ உறுதிசெய்தால், அது தொழிலால் வந்ததென்றே சட்டம் கொள்ளும். அல்லவென்று காட்டும் பாரம் மறுப்பவரைச் சாரும். இங்கோ நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில். உறக்கமில்லாதவன் எந்தக் கந்தோருக்கு எத்தனை தரம் நடப்பான்?

கடற்றொழிலாளர் நிலை இன்னும் கடினம். முதலாளி இல்லாதவருக்கு நட்டஈடு கேட்க ஆளே இல்லை.

சட்டம் மாறும்வரை மன்றம் சும்மா இருக்க வேண்டுமா? எழுத்தறிந்த இளைஞர் இருவர் போதும். நடந்தது என்ன, எந்தத் திகதி, யார் கூட நின்றார் என்பதைத் தாமதமின்றி எழுதி, வேலை கொடுத்தவருக்கு ஒரு பிரதி கொடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்க விடாதீர்கள். பின்னால் அதுதான் சாட்சி. வாழைச்சேனை ஆசுப்பத்திரிக்கோ மட்டக்களப்புக்கோ தனியே போகக் கூச்சப்படுபவருடன் ஒருவர் பஸ்ஸில் கூடப் போய் வாருங்கள்.