வண்டிக்குள் அடுப்பு

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த, லக்னோவிலிருந்து யாத்திரிகர்கள் வந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு விரோதமாக ஏற்றிவந்த எரிவாயு சிலிண்டரால் மூண்ட அக்கினி 9 உயிர்களைக் கவர்ந்தது. சமையற்சாமான்களோடு வேனில் க்ஷேத்திராடனம் புறப்படும் அன்பர்கள் இதனை நினைவிற்கொள்வது உசிதம். உறக்கமும் சமையலும் ஒரே கூண்டுக்குள் என்றால் ஆபத்துக்கு வேறு அழைப்பு வேண்டுமா? தீயணைப்பான் கதவருகே கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். நம்மவர்களோ அதனை மூட்டைகளுக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று புறப்படுமுன் பார்த்து, தீப்பற்றினால் முதலில் அனைவரையும் இறக்கிவிட்டு, வெளியேறும் வழி முதுகுப்புறம் இருக்க நின்று, ஊசியை உருவி, ஜுவாலையின் உச்சியிலன்றி அடியில் பீய்ச்ச வேண்டும். சிறிய தீயணைப்பான் சில விநாடிகளில் தீர்ந்துவிடுமாதலால், அதற்குள் அடங்காத தீயைவிட்டு விலகி, 101-ஐ அழையுங்கள்.