கடலடியில் ஒரு மூச்சு



குளித்தல் என்னும் சொல்லுக்கு நீரில் மூழ்குதல் என்பது பழம்பொருள். தூத்துக்குடிக் கடற்கரையில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. சங்கு குளித்தல் என்பது அங்கு நாட்பேச்சு. சொல் வாழ்கின்றது, அத்தொழில் செய்வான் உயிருக்கோ காப்பில்லை.

முன்னாளில் அவன் மூச்சடக்கி மூழ்கினான். ஒரு மூச்சளவே கடலடியில் நின்றான். இந்நாளில் படகிலுள்ள காற்றழுத்தும் பொறியினின்று குழாய்வழி வரும் காற்றை இழுத்து நெடுநேரம் சங்கு தேடுகின்றான். வருவாய் கூடிற்று, கேடும் கூடிற்று. பொறிப்புகை அக்காற்றிற் கலப்பின் அதுவே நஞ்சு. குழாய் மடங்கினும் அறுந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

இவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நோய். கடலில் 10 மீட்டருக்கு ஒருமடங்கு அழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் அவன் இழுக்கும் காற்று, கரையிலுள்ளதைப்போல் மும்மடங்கு அழுத்தமுடையது. அதனால் காற்றிலுள்ள வெடிவளி, அஃதாவது நைட்ரசன், குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகின்றது. அவன் விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியிற்போல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டைத் தாக்கின் தாங்கொணா வலி. தண்டுவடத்தைத் தாக்கின் கால்கள் செயலிழக்கும், சிறுநீர் கட்டும். நுரையீரலை அடைப்பின் உயிரே போகும்.

இஃது ஊழன்று, கடல்தாயின் சினமுமன்று. 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் இதன் நோய்முதலை விளக்கினார். 1908-இல் பிரித்தானிய அறிஞர் ஆல்டேன், இடையிடையே நின்று படிப்படியாக மேலேறும் முறையைப் பட்டியலிட்டு வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் ஏழைக் குளியாளன் கைக்குப் பொறி வந்தது. அதனோடு வரவேண்டிய அறிவு வரவில்லை.

இதற்குப் பொறுப்பு எவர்? நடு அமெரிக்காவின் ஒண்டுராசு நாட்டில் மிசுகிட்டோ என்னும் பழங்குடியினர், சிங்கி இறாலுக்காகக் காற்றுருளை சுமந்து மூழ்கி இவ்வாறே முடமாயினர், பலர் மாண்டனர். 42 குளியாளர் தொடர்பான வழக்கில் அந்நாட்டரசு தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. அமெரிக்க நாடுகளிடை மாந்தவுரிமை அறமன்றம் 2021-இல் அதனை உறுதிசெய்தது. முதலாளியின் தொழிலைக் கண்காணியாது விடுதல் அரசின் குற்றமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வறம் தமிழ்க்கடலுக்கும் ஒக்கும். குளிப்பவனுக்குப் பயிற்சி; பொறிக்கு முறையான ஆய்வு; நோயுற்றவனை மீண்டும் அழுத்தத்தில் வைத்து உயிர்வளியூட்டும் அறை, கரைக்கு அருகிலேயே; மாண்டவன் குடும்பத்துக்கு ஈடு. இந்நான்கும் இரந்து பெறும் கொடையல்ல, உழைத்தவன் உரிமை.

கோயிலில் சங்கொலி கேட்குந்தோறும், அச்சங்கை எடுத்து வந்தவன் இன்று நடக்கின்றானா என்று கேளுங்கள். கேட்பதோடு நில்லாது, அவனுக்காகக் குரல் கொடுங்கள்.