எங்கள் வீட்டுப் பாவைப்பிள்ளைகள்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய மார்கழி ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அக்கா, நத்தார் விடுமுறை வருகுது. பிள்ளையள் இரண்டு கிழமை வீட்டோட நிக்கப் போகுதுகள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய பொழுதுபோக்கு ஒண்டைப் பற்றி பத்து நிமிசம் கதையுங்கோ" என்று தலைவி கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பொம்மை சேர்ப்பது. இந்த வயதில் பொம்மையோ என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கட வீட்டுக்காரரும் முதலில் சிரித்தவர்தான். இப்ப சந்தைக்கு என்னை விட முன்னுக்கு ஓடுறார்.

வீட்டில் இன்றைக்கு 43 பாவைப்பிள்ளைகள் இருக்கின்றன. முதலாவது வந்தது 1998 இல். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்துமிடங்களில் பழைய சாமான் சந்தை போடுவார்களே, அங்கே சட்டி வாங்கப் போனேன். கை கழன்ற ஒரு பொம்மை ஒரு பெட்டிக்குள் குப்புறக் கிடந்தது. 3 மார்க். சட்டிக்குக் கொண்டுபோன காசு அதோடு சரி.

அதன் பின்கழுத்தில் சின்னதாக ஒரு ஆமை பதித்திருந்தது. மன்ஹைம் நகரத்தில் 1896 முதல் செல்லுலோயிட் பொம்மை செய்த தொழிற்சாலையின் முத்திரை அது என்று பிறகு நூலகத்துப் புத்தகத்தில் பார்த்து அறிந்தேன். இடையில் ஒரு எச்சரிக்கை. செல்லுலோயிட் என்பது நைத்திரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சும் கற்பூரமும் சேர்ந்த சாமான். கற்பூரம் எப்படிப் பற்றும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நத்தார் மெழுகுதிரிக்குப் பக்கத்திலோ ஹீற்றருக்கு மேலேயோ தயவுசெய்து வைக்காதேங்கோ.

கை கழன்றதென்று எறியவும் வேண்டாம். பழைய பொம்மைகள் பலவற்றின் கைகால்களை உள்ளே ஒரு றப்பர் நாடாதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாடா இத்துப்போனால் கழன்றுவிடும். புது நாடாவும் வளைத்த கம்பி ஒன்றும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையே பூட்டிவிடும். கண் மூடித் திறக்கிற பொம்மை என்றால், தலைக்குள் ஒரு ஈயக் குண்டு இருக்கும். படுக்க வைத்தால் அது சரிந்து கண்ணை மூடும். அதனால் தலையைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அந்தக் கண்ணாடிக் கண்களுக்குப் பெயர்போன ஊர் துரிங்கியாவில் உள்ள லவுஷா. பொம்மைக்குக் கண் செய்துகொண்டிருந்த லுட்விக் முல்லர் ஊரி என்பவர்தான் அங்கே 1835 இல் மனிதருக்கும் கண்ணாடிக் கண் செய்யத் தொடங்கினார். எங்கட சனத்தில் எத்தனை பேருக்கு அது தேவைப்பட்டது என்று நினைத்தால் பொம்மைக் கண் விளையாட்டாகத் தெரியாது.

உடுப்புத்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. பழைய சேலைக் கரையை வெட்டிப் பாவாடை சட்டை தைத்துப் போடுங்கோ. மன்ஹைம் பெட்டை யாழ்ப்பாணத்துப் பெட்டை ஆகிவிடுவாள்.

கேத்த குருசே என்ற அம்மாவின் பொம்மைகள் இந்த நாட்டில் மிகப் பிரபலம். 1905 இல் தன் மகள் பொம்மை கேட்டபோது, சிற்பியான தகப்பன் கடைப் பொம்மை வாங்க மறுத்துவிட்டார். அவ ஒரு துவாயில் மண்ணை நிரப்பி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கட்டிக் கொடுத்தா. அதுதான் தொடக்கம். அதை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அம்மாவும் என் மகளுக்குப் பழைய துணியில் இலவம் பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் தைத்து ஒரு பொம்மை செய்து கொடுத்தவ.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். உங்களில் பலரும் அந்தச் சனத்துக்குள் நின்றிருப்பீர்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பொம்மையைத் தன்ர பையில் வைத்திருந்தாள். நான் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பொதி அரிசியையும் வைத்தேன். நாவற்குழிப் பாலம் தாண்டும் வரை மழை. அவள் பொம்மையைக் கேட்கவேயில்லை. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு ஜேர்மன் கிழவி இருந்தா. என் பொம்மைகளைப் பார்க்க ஒவ்வொரு நத்தாருக்கும் கேக்கோடு மேலே வருவா. ஒருநாள் தன் கதையைச் சொன்னா. 1945 தை மாதம், இப்போது போலந்தில் உள்ள பிரெஸ்லவ் நகரத்தை விட்டுப் போகச் சொல்லிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டளை வந்தது. அப்போது அவவுக்கு ஏழு வயது. குளிரில் கை விறைத்து, புகையிரத நிலைய வாங்கில் பொம்மையை வைத்துவிட்டு ஏறினாவாம். "நீலச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி" என்று சொல்லிக் கண்ணைத் துடைச்சா. அறுபது வருடம் கழிந்திருந்தது.

அன்றிரவே மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிள்ளை, அம்மம்மா செய்து தந்த பொம்மை ஞாபகம் இருக்கோ?"

"பச்சைச் சட்டை. ஒரு கண் மற்றதை விடப் பெரிசு," என்றாள் உடனே. கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "நீங்கள் எடுத்து வெளியில வைச்சதைக் கண்டனான், அம்மா. அரிசி வேணும் எண்டு எனக்கும் தெரியும்," என்றாள்.

ஐந்து வயதுப் பிள்ளை அதை அறிந்து பேசாமல் நடந்து வந்திருக்கிறது. எனக்கு அன்று நித்திரை இல்லை.

அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தபோது இருவரும் குசினி மேசையில் இருந்து அதைப் போல ஒன்று தைத்தோம். இலவம் பஞ்சு கிடைக்கவில்லை, தலையணைப் பஞ்சுதான். நான் இரண்டு கண்ணையும் அளவாகத் தைத்தேன். அவள் ஒன்றை அவிழ்த்துப் பெரிதாகத் தைத்தாள். இன்றைக்கு அலுமாரியில் இருக்கிற 43 இல் விலையில்லாதது அது ஒன்றுதான்.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீடு திறந்திருக்கும். பிள்ளைகளையும், வீட்டில் கைகால் கழன்று கிடக்கும் பொம்மைகளையும் கொண்டு வாங்கோ. நாடாவும் கம்பியும் நான் வைத்திருப்பேன். தேத்தண்ணியும் வடையும் உண்டு. ஆமை முத்திரை உள்ள நாலைத் தவிர எதையும் பிள்ளைகள் தொடலாம்.