கொள்கையும் உத்தியோகமும்
(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் பிள்ளைகள் பரீட்சையில் தேறியவுடன், "என்ன சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்கின்றோமேயன்றி, "எதன்பொருட்டு வாழப் போகின்றாய்?" என்று கேட்பதில்லை. குடும்பத்தைக் காக்கச் சம்பளம் வேண்டியதே. ஆயினும் அது கொள்கையின் ஸ்தானத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது.

சர் சி. வி. ராமனது சரித்திரத்தை நோக்குவோம். 1907-ஆம் ஆண்டில், தமது 18-ஆம் வயதில், கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் உயர்ந்த உத்தியோகத்தை ஏற்றார். ஏறக்குறைய 10 ஆண்டுகள் அதனை வகித்தார். அந்நகரில் இருந்த காலமெல்லாம், ஆபீஸ் வேலைக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிச்சாலையில் உழைத்தார். 1917-இல், குறைந்த சம்பளமென்று அறிந்தும், சர்வகலாசாலை ஆசிரியர் பதவியையே விரும்பி ஏற்றார். 1928-இல் ஒளிச்சிதறலில் புதுமை கண்டார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

அன்பர்களே! 1917-இல் அப்பரிசை அவருக்கு எவரும் வாக்களிக்கவில்லை. அது வாராது போயிருப்பினும் அவரது முடிவு தாழ்ந்ததாகாது. ஏற்ற வேலையில் வஞ்சனை கூடாது. கொள்கை தன் விலையைக் கேட்குங்கால் கொடுக்கத் தயங்கலும் கூடாது. விலை கொடாத கொள்கை வெறும் வாய்ச்சொல்லே.

ஆதலின், ஊதியம் குறைந்த நற்பணியை நம் மகனோ மகளோ விரும்பினால், ஏசாது வழிவிடுவோமாக. பெண் கொடுக்கும் பெற்றோரும் சம்பளத்தை விசாரிக்குமுன் குணத்தை விசாரிப்பார்களாக. இவ்விரண்டும் நம் இல்லங்களில் நிலைபெறின், சங்கத்தின் நோக்கம் நிறைவேறியதாகவே கொள்வோம்.