தேனீ வளர்க்க முன்வருவோர் அறிய வேண்டியவை

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது கம்பைநல்லூரில் இளைஞர் சிலரும் தாய்மார் சிலரும் தேனீப் பெட்டி வைத்துத் தொழில் செய்ய விரும்பி, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கேட்டுள்ளனர். நல்ல எண்ணம். ஆயினும், பெட்டியை விட்டுத் தேனீ பறந்து போய்விட்டால் காலிப் பெட்டியும் கடனுமே மிஞ்சும். பைத்துல்மாலின் பணம் ஜமாஅத்தாரின் அமானிதம். எனவே, கடன் கொடுப்போரும் வாங்குவோரும் இத்தொழிலின் ஐயங்களை முன்னதாகவே தெளிந்துகொள்வது நலம். கற்றவரிடம் கேட்டும், பட்டும் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்திற்கு அந்நஹ்ல், அதாவது தேனீ என்றே பெயர். மலைகளிலும் மரங்களிலும் மனிதர் அமைக்கும் இடங்களிலும் கூடு கட்டுமாறு தேனீக்கு இறைவன் அறிவித்ததையும், அதன் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மக்களுக்கு நிவாரணம் உண்டு என்பதையும் அவ்வத்தியாயம் கூறுகிறது. நாம் வைக்கும் பெட்டியும் மனிதர் அமைக்கும் இடமே. இடம் பிடித்திருந்தால் தேனீ தங்கும், பிடிக்காவிடில் போய்விடும். கட்டி வைத்து வளர்க்கும் ஆடு மாடு போன்றதன்று அது. இதனை மனத்தில் கொண்டால் ஐயங்களில் பாதி தீரும்.

நமது தமிழகத்தில் இத்தொழில் புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் அவர்கள் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்கும் பயிற்சி அளித்தார். பின்னர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இத்தொழில் வேரூன்றியது. மார்த்தாண்டம் தேன் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தாக்கி, அப்பகுதியின் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய வலுவான குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கியே அம்மக்கள் மீண்டனர். இழப்பும் பொறுமையும் இத்தொழிலோடு சேர்ந்தே வருபவை.

எல்லோரும் முதலில் கேட்பது கொட்டுமே என்பது. கொட்டும், மறைப்பதற்கில்லை. எனினும் பெட்டியில் வளரும் இந்தியத் தேனீ, மலைத்தேனீயைப் போல் மூர்க்கமானதன்று. முகவலை அணிந்து, சிறிது புகை காட்டி, சட்டங்களை நிதானமாகத் தூக்கினால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஜும்ஆவுக்கு அத்தர் பூசிய உடலோடு நேரே சென்று பெட்டியைத் திறக்காதீர்கள்; கடும் வாசனையும் கறுப்பு உடையும் அதைச் சினமூட்டும். கொட்டினால் கொடுக்கைப் பிடுங்காமல் நகத்தால் சுரண்டி விரைவில் அகற்றுக. கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம் கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. நிழலும் அருகில் தண்ணீரும் வேண்டும். பெட்டியின் வாயில் நடைபாதையையோ, மதரஸாப் பிள்ளைகள் செல்லும் வழியையோ நோக்கியிருக்கலாகாது. பெட்டியைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கபரஸ்தானில் வேம்பும் புங்கும் நிறைய உண்டே, அங்கே வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தேவையில்லை. இந்தியத் தேனீ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை பறந்து சென்று இரை தேடும். பெட்டி உங்கள் தோட்டத்தில் இருந்தாலும் அந்தப் பூக்கள் அதற்குக் கிடைக்கும்.

தேனீ ஏன் ஓடிப்போகிறது? இக்கேள்விக்கு எங்கள் அனுபவமே விடை. நாங்கள் முதன்முதலில் இரண்டு பெட்டிகள் வைத்தபோது கொட்டுக்கு அஞ்சினோமே தவிர, பசிக்கு அஞ்சவில்லை. தேன் நிறைந்ததும் ஒரு பெட்டியில் இருந்த அத்தனையையும் எடுத்துவிட்டோம். அடுத்துப் பூ இல்லாத நாள்கள் வந்தன. ஒரு காலையில் பார்த்தபோது பெட்டி வெறுமையாய் இருந்தது. மற்றொன்றில் அடைகளை விட்டுவைத்திருந்தோம், அது நின்றது. குற்றம் தேனீயின் மேல் இல்லை, எங்கள் அவசரத்தின் மேல் இருந்தது.

எனவே, மேலறைத் தேனை மட்டுமே எடுக்க வேண்டும். புழு வளரும் கீழறையின் தேன் தேனீயின் உரிமை. பூ இல்லாத காலத்தில் சர்க்கரையையும் நீரையும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்து, மாலை வேளையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வேம்பு, புங்கு, புளி, தென்னை, எள், கொள்ளு, அவரை என நம் பகுதியில் எது எப்போது பூக்கிறது என்பதை ஓராண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எப்போது தேன் எடுப்பது, எப்போது உணவிடுவது என்பதை அதுவே சொல்லும்.

நோயும் பூச்சியும் குறித்து: பத்து நாளுக்கு ஒருமுறையேனும் பெட்டியைப் பாருங்கள். முட்டைகள் தென்பட்டால் ராணி நலமாயிருக்கிறது என்று கொள்ளலாம். வலுவிழந்த குடும்பத்தின் பழைய அடைகளில்தான் மெழுகு அந்துப்பூச்சி புகும்; தேனீ அமராத அடைகளை அப்புறப்படுத்துக. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடந்தால் சாக்புரூட் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. அப்பெட்டியைத் தனியே ஒதுக்குக. அதன் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, பூத்திருக்கும் பயிருக்கு மருந்தடிப்பதாயின் மாலையில் அடிக்குமாறு வேண்டிக்கொள்ளுங்கள். காலையில் அடித்த மருந்து பெட்டியையே காலி செய்துவிடும்.

அடையின் அறைகளில் முக்கால் பங்கேனும் மெழுகால் மூடப்பட்ட பின்பே தேன் எடுக்க வேண்டும். முதிராத தேன் நீர்த்திருந்து புளித்துவிடும். தேன் உறைந்தால் கலப்படம் என எண்ண வேண்டாம், அது இயல்பு. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். தண்ணீரில் விட்டும் தீக்குச்சியில் தொட்டும் பார்க்கும் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 நிறுவனத் தேன்களில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. ஆகவே வாங்குவோர் நம்புவது ஆளைத்தான். சர்க்கரைப் பாகு கொடுத்த காலத்தில் சேர்ந்ததைத் தேன் என்று விற்பது மோசடி. மேலே உலர்ந்த தானியத்தை வைத்து அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நாம் அறிவோம். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்க.

தாய்மார்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவிற்கொள்ள வேண்டும். பிறந்த சிசுவின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சுத்தமான தேனிலும் இது இருக்கலாம்.

வருமானம் எவ்வளவு? இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றில் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ தேன் எதிர்பார்க்கலாம். முதலாண்டில் அதுவும் கிடைக்காது போகலாம். எனவே இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த எண்ணாதீர்கள், உபதொழிலாகத் தொடங்குங்கள். தேனுக்கு உஷ்ர் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் உண்டு என்றும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கடமையில்லை என்றும் கூறியுள்ளனர். அவரவர் நிலையைச் சொல்லி ஹஜ்ரத் அவர்களிடம் தெளிவு பெறுக.

நிறைவாக, ஜமாஅத்திற்கு எங்கள் பரிந்துரை இதுவே. கடன் கேட்போர் முதலில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ பயிற்சி பெறட்டும். பிறகு இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் கடன் கொடுப்போம். ஓராண்டு முழுவதும் இரண்டையும் காப்பாற்றியவருக்கு மேலும் கொடுப்போம். ஒரு பெட்டியை இழந்தவரை ஏளனம் செய்யாமல், காரணத்தைக் கேட்டறிந்து அடுத்தவருக்குச் சொல்வோம். இழந்தவர் அறிந்தது ஊருக்கே பயன்படும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத்தையும், நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் உள்ளங்களில் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.